வண்டி ஏழு மணி நேரம் லேட்டானால் மூன்று நாளும் கெடத்தான் வேண்டுமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கொருக்குப்பேட்டைக் குடும்பம்: கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான அம்மா. விசாகப்பட்டினம், அங்கிருந்து மலைமேல் இருக்கும் அரக்கு என்று மூன்று நாள் திட்டம். சாயங்காலம் சென்ட்ரலில் கிளம்ப வேண்டிய வண்டி ஏழு மணி நேரம் கழித்து நள்ளிரவில்தான் கிளம்பியது. அதனால் மறுநாள் காலை அரக்கு ரயில் தவறியது, முன்பணம் கொடுத்த கார் தவறியது, லாட்ஜில் ஒரு நாள் வாடகை வீணானது. போதாததற்குப் பிளாட்பாரத்திலேயே குடும்பச் சண்டை. 'எது வந்தாலும் சிரித்த முகமாக ஏத்துக்கணும், எதிர்பாராததுதான் பயணத்தோட ருசி' என்று ஆளாளுக்கு அறிவுரை வேறு. 'அந்த மனசு பிறவியிலேயே வரணுமா, பழகினா வருமா? டிசம்பரில் பூரி போறோம், அதுக்குள்ள கத்துக்க முடியுமா?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கு இதற்குள் வேறொரு கேள்விதான் தெரிகிறது. தொலைந்தது ஏழு மணி நேரம். கெட்டது ஏன் மூன்று நாள்? டிக்கெட் போடுவது, ஆட்களைக் குழுவாக அனுப்புவது என்று வருடக்கணக்காக இதே வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இது மனசு சமாச்சாரம் இல்லை, கயிறு சமாச்சாரம். காசிமேட்டில் படகு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்ட மாட்டார்கள். தண்ணீர் ஏறும், இறங்கும். அதற்கென்று தொய்வு விட்டுத்தான் கட்டுவார்கள். விறைப்பாகக் கட்டினால் ஒன்று கயிறு அறும், இல்லை கட்டின இடம் பிய்த்துக்கொண்டு வரும். காலை ஆறு மணிக்கு இறங்கி ஏழு மணிக்கு அடுத்த ரயில் ஏறுவது என்று போட்ட உங்கள் திட்டம் விறைப்பாகக் கட்டிய கயிறு. அதைக் கட்டிவிட்டு, அறுந்ததும் சிரிக்கச் சொன்னால் யாரால் முடியும்? தொய்வு விட்ட திட்டத்தில் சாதாரண ஆளும் நிதானமாக இருப்பார். அந்தத் தொய்வை எங்கே விடுவது, எவ்வளவு விடுவது, மிச்சமான மணிகளை என்ன செய்வது என்பதைக் கற்றுக்கொள்ளலாம். டிசம்பருக்குள் தாராளமாக முடியும்.

முதலில் வண்டி ஏன் தாமதமாகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால் தாமதம் நான்கைந்து மணி நேரம் முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடும். பாதி பேஜார் அங்கேயே தீரும். சென்ட்ரலில் கிளம்பும் தொலைதூர வண்டிகள் பெரும்பாலும் எங்கிருந்தோ வந்த அதே பெட்டிகள்தான். இந்தப் பெட்டித் தொடரை ரயில்வேக்காரர்கள் ரேக் என்பார்கள். வந்து நின்ற ரேக்கை பேசின் பிரிட்ஜ் யார்டுக்குத் தள்ளிக்கொண்டு போய், கழுவி, பிரேக்கும் சக்கரமும் சோதித்து, தண்ணீர் நிரப்பி, திரும்பப் பிளாட்பாரத்துக்குக் கொண்டு வர வேண்டும். இது அரை மணி வேலை இல்லை. பல மணி நேரம் பிடிக்கும். ஆகவே உங்கள் வண்டி எப்போது கிளம்பும் என்று அறிய உங்கள் வண்டி எண்ணைத் தட்டிப் பார்த்துப் பயனில்லை. அது இன்னும் கிளம்பவே இல்லையே, 'சரியான நேரம்' என்றுதான் காட்டும். எதிர்த்திசையில் வரும் ஜோடி எண்ணைப் பாருங்கள். சென்னையிலிருந்து ஹவுரா போகும் மெயில் 12840 என்றால் அங்கிருந்து வருவது 12839. வருகிற வண்டி காலையில் ஆறு மணி நேரம் தாமதமாக ஆந்திராவில் ஊர்ந்துகொண்டிருந்தால் சாயங்காலம் உங்களுக்கு என்ன நடக்கும் என்று ஊகிக்கலாம். ஆனால் இது ஊகம்தான். சில வண்டிகளுக்கு ரேக்கை வேறு வண்டியோடு பகிர்ந்து வைத்திருப்பார்கள், சில சமயம் யார்டில் உபரி ரேக் இருந்தால் அதைப் போட்டு நேரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். ஜோடி வண்டி தாமதம் என்பதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக வேண்டாம்.

வண்டி ஓட ஆரம்பித்த பிறகு செயலியில் காட்டும் 'எதிர்பார்க்கும் நேர'த்தையும் இரண்டு விதமாக வாசிக்க வேண்டும். அரை மணி, முக்கால் மணி தாமதம் என்றால் கடைசி நிலையத்துக்குள் சரிக்கட்ட வாய்ப்புண்டு. கால அட்டவணையிலேயே கடைசிப் பகுதியில் கொஞ்சம் நேரம் கூடுதலாக வைத்திருப்பார்கள். மூன்று நான்கு மணி நேரம் தாமதமான வண்டி வேறு கதை. தன் நேரத்தை விட்ட வண்டி, சரியான நேரத்தில் வரும் மற்ற வண்டிகளுக்கு வழிவிட்டு ஓரம் நிற்க வேண்டிவரும். தாமதம் குறையாது, கூடவே செய்யும் என்று வைத்துத் திட்டம் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

மழைக்காலத்துக்கு வடசென்னையில் தனிக்கணக்கு. பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் நடுவே 14ஆம் எண் ரயில் பாலம் என்று ஒன்று உண்டு. அதன் கீழே ஓடும் தண்ணீர் அபாய அளவைத் தாண்டினால் அந்தப் பக்கம் சென்ட்ரலுக்கு வண்டி விட மாட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நடந்தது இதுதான். அப்படி நடந்தால் வண்டி ரத்தாகும், அல்லது ஆவடி, திருவள்ளூர், காட்பாடி என்று வேறிடத்திலிருந்து கிளம்பும். கப்பல்காரர்களுக்காகத் துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு எண்ணைப் பார்த்து ரயிலை முடிவுசெய்பவர்கள் நம் பக்கம் அதிகம். மூன்றாம் எண் கூண்டு ஏற்றியும் வண்டிகள் ஒழுங்காகப் போகும், கூண்டே இல்லாமல் ஓர் இரவு கனமழையில் பாலம் நிரம்பும். நீங்கள் போவது வடக்கே என்பதால் கூடூர், நெல்லூர்ப் பக்க மழையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2021 நவம்பரில் பெண்ணாற்று வெள்ளத்தில் நெல்லூர் அருகே ரயில் பாதை, நெடுஞ்சாலை இரண்டுமே அறுந்தன. 'ரயில் இல்லைன்னா மாதவரத்துல பஸ் பிடிச்சுடலாம்' என்ற மாற்று ஏற்பாடு சாதாரண நாளுக்குச் சரி. வெள்ளத்தில் ரெண்டும் ஒரே இடத்தில்தான் மாட்டும்.

வீட்டிலிருந்து சென்ட்ரல் வருவதைப் பற்றி ஒரு வார்த்தை. கொருக்குப்பேட்டை கேட்டில் சரக்கு வண்டி நின்றால் எவ்வளவு நேரம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் வரிசை, மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதை மூடல் எல்லாம் தெரிந்த விஷயங்கள். பெட்டி படுக்கையோடு ஆட்டோவை நம்புவதைவிட, கொருக்குப்பேட்டையிலிருந்து சென்ட்ரல் புறநகர் வண்டி ஏறினால் நடுவே பேசின் பிரிட்ஜ் ஒன்றுதான். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்களுக்கு 2021 பிப்ரவரியிலிருந்து மெட்ரோவும் இருக்கிறது.

இனி, தாமதம் என்று உறுதியாகிவிட்ட முதல் அரை மணி. இதில் மனசைத் தேற்றுவது, சண்டை போடுவது எதுவும் வேண்டாம். காலக்கெடு உள்ள வேலைகளை மட்டும் முடியுங்கள். ரயில்வே விதியில் உறுதியானது இது: நீங்கள் ஏறும் நிலையத்தில் வண்டி குறித்த நேரத்தைவிட மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகக் கிளம்பினால், பயணம் செய்யாமல் முழுக் கட்டணத்தையும் திரும்பக் கேட்கலாம். தட்கல் டிக்கெட்டுக்கும் இது உண்டு. ஆன்லைன் டிக்கெட் என்றால் டிடிஆர் என்ற விண்ணப்பத்தை, வண்டி நிஜமாகக் கிளம்புவதற்கு முன் பதிவுசெய்ய வேண்டும். நிறைய பேர் கோட்டைவிடுவது இங்கேதான். வீட்டுக்குத் திரும்பி, குளித்துச் சாப்பிட்டு, மறுநாள் போடலாம் என்று விடுவார்கள், பணம் போகும். கவுன்டரில் வாங்கிய டிக்கெட் என்றால் வண்டி கிளம்பும் முன் கவுன்டரிலேயே கொடுத்து ரத்துசெய்ய வேண்டும். வண்டியே ரத்து என்றால் ஆன்லைன் டிக்கெட்டுக்கு நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், பணம் தானாக வரும். வசதிக் கட்டணம் என்று பிடித்த சில்லறை மட்டும் வராது. கவுன்டர் டிக்கெட்டை மூன்று நாளுக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

இதில் கிடைக்காதது எது என்பதும் தெளிவாக இருக்கட்டும். வண்டி நேரத்துக்குக் கிளம்பி, வழியில் ஒன்பது மணி நேரம் தாமதமாகிப் போய்ச் சேர்ந்தால் கட்டணம் திரும்பாது. கணக்கு ஏறும் இடத்தில்தான். டிக்கெட்டோடு பைசாக் கணக்கில் எடுக்கும் காப்பீடு விபத்துக்கானது, தாமதத்துக்கு ஒன்றும் தராது. ஏஜென்ட் மூலம் எடுத்த டிக்கெட்டுக்கு டிடிஆரும் அவர் மூலம்தான். பணமும் அவர் கணக்கு வழியாகவே வரும். எந்த நாளில் வரும் என்று ஏஜென்ட் தேதி குறித்துக் கொடுத்தால் நம்பாதீர்கள், டிடிஆர் விசாரித்து முடிக்க வாரங்களும் ஆகலாம். டிக்கெட் எடுக்கும்போது பயணிக்கிற ஆளின் கைபேசி எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். ரத்து, நேர மாற்றம் எல்லாம் குறுஞ்செய்தியாக அந்த எண்ணுக்குத்தான் வரும். பிரவுசிங் சென்டர்காரர் தன் எண்ணைப் போட்டிருந்தால் செய்தி அவர் கடையிலேயே தூங்கும்.

உங்கள் அரக்கு ரயிலுக்கு வருவோம். இரண்டும் முன்பதிவு டிக்கெட் என்றால், 2019 ஏப்ரலிலிருந்து இரண்டு பிஎன்ஆரையும் இணைக்கும் வசதி இருக்கிறது. முதல் வண்டி தாமதமாகி இரண்டாவது தவறினால், இரண்டாவது டிக்கெட்டின் பணம் ரத்துக் கட்டணம் பிடிக்காமல் திரும்பும். பயணிகளின் பெயர், வயது, விவரம் இரண்டிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும், இறங்கும் நிலையமும் ஏறும் நிலையமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் 'லட்சுமி' என்றும் மற்றதில் 'லட்சுமி அம்மாள்' என்றும் போட்டால் இணைப்பில் சிக்கல் வரும். உங்கள் விஷயத்தில் விசாகப்பட்டினம்தான் இரண்டுக்கும் பொது என்பதால் அழகாகப் பொருந்தியிருக்கும்.

அடுத்து இரண்டு போன்கால். ஒன்று லாட்ஜுக்கு: 'வருகிறோம், தாமதமாக வருகிறோம்.' சொல்லாமல் விட்டால் பல இடங்களில் முதல் இரவு ஆள் வரவில்லை என்று மொத்த புக்கிங்கையும் கழற்றிவிடுவார்கள். இன்னொன்று கார்க்காரருக்கு: பணத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள், நாளை மாற்றக் கேளுங்கள். பணம் திருப்பித் தருவது யாருக்கும் கஷ்டம். நாள் மாற்றுவது பெரும்பாலானவர்களுக்குச் சுலபம். முன்பணம் கொடுக்கும்போதே 'வண்டி லேட்டானால் மறுநாளுக்கு மாற்றலாம்' என்று வாட்ஸாப்பில் ஒரு வரி வாங்கி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் அந்த ஏழு மணி நேரம் உங்களுடையது. முழுப் பணம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று தெரிந்த பிறகு, 'சரி, போவோம்' என்று ஐந்து பேரும் சேர்ந்து எடுத்த முடிவு வேறு. மாட்டிக்கொண்டோம் என்று உட்கார்ந்திருப்பது வேறு. திறந்த மனசு என்று சொல்கிறார்களே, அதில் பாதி இந்தத் தெரிந்துகொள்ளல்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒன்று கேட்கிறேன்: ஏழு மணி நேரம் பிளாட்பாரத்தில் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தீர்கள், வீடு இரண்டாவது ஸ்டேஷன். அம்மாவையாவது வீட்டுக்கு அனுப்பிப் படுக்க வைத்திருக்கலாம். அறிவித்த நேரம் பின்னால் போவதுதான் வழக்கம், முன்னால் வருவது அபூர்வம். இருந்தாலும் அறிவித்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு திரும்பிவிடுவது என்று வைத்துக்கொண்டால் எங்கும் போய் வரலாம். பெட்டிகளைச் சென்ட்ரல் க்ளோக் ரூமில் போடலாம். பூட்டு இல்லாத பையை வாங்க மாட்டார்கள், டிக்கெட்டும் காட்ட வேண்டும். ஆகவே ஜிப் பைக்கும் சின்னப் பூட்டு ஒன்று வாங்கி வைத்திருங்கள்.

மணி நேரத்தைப் பொறுத்துத்தான் எங்கே போவது என்பது. மூன்று மணி நேரம் என்றால் நடக்கும் தூரம். சென்ட்ரலிலிருந்து பார்க் டவுன் கந்தகோட்டம் பெரியவர்களோடும் மெல்ல நடந்து போகிற தூரம்தான். வள்ளலார் சின்ன வயதில் நின்று பாடிய முருகன் கோயில். அங்கிருந்து தங்கசாலைத் தெரு, சௌகார்பேட்டை. சாயங்காலமானால் ஜிலேபி, சுண்டக் காய்ச்சிய பால், இரண்டு முறுக்குக்கு நடுவே காய்கறியும் சட்னியும் வைத்த முறுக்கு சாண்ட்விச். பிள்ளைகள் 'ரயில் எப்ப வரும்' என்று கேட்பதை அங்கே நிறுத்திவிடும்.

நான்கைந்து மணி நேரம் கையில் இருந்தால் மெட்ரோ ஏறுங்கள். சென்ட்ரலிலிருந்து விம்கோ நகர் போகும் தடத்தில் உயர்நீதிமன்றம், அடுத்து மண்ணடி. பொழுது சாய்ந்த பிறகு மண்ணடி, பாரிமுனைப் பக்கம் அத்தோ வண்டிகள் வந்துவிடும். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த சாப்பாடு. கடைக்காரர் கையைப் பாருங்கள்: ஆரஞ்சு நிற நூடுல்ஸ் ஒரு பிடி, மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோஸ், வெங்காயம், நொறுக்கிய பேஜோ என்ற மொறுமொறுப்பான தட்டை, பூண்டு பொரித்த எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், உப்பு, எலுமிச்சை, எல்லாவற்றையும் கிண்ணத்தில் போட்டுக் கையாலேயே நாலு புரட்டு, தட்டில் கவிழ்ப்பு. பக்கத்தில் வாழைத்தண்டு சூப். அம்மாவுக்குக் காரம் கம்மி என்று முதலிலேயே சொல்லுங்கள், கலந்த பிறகு குறைக்க முடியாது. ராத்திரி வண்டியில் குழந்தைகளோடு போகும்போது முட்டை சேர்த்ததை அளவோடு வாங்குவது நல்லது, வயிறு யாரையும் கேட்டுக் கெடுவதில்லை.

அதே மெட்ரோவில் இன்னும் வடக்கே போனால் அரை மணிக்குள் திருவொற்றியூர். தேரடி நிலையத்தில் இறங்கினால் தியாகராஜர், வடிவுடையம்மன் கோயில். மதியம் நடை சாத்தியிருக்கும், சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் திறக்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள். பௌர்ணமி என்றால் கூட்டம் நெரியும். மேலூர் திருவுடையம்மன், இங்கே வடிவுடையம்மன், திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் மூவரையும் ஒரே நாளில் தரிசிப்பவர்கள் வருவார்கள். அன்றைக்கு ரயிலைப் பிடிக்கும் அவசரத்தோடு உள்ளே போகாதீர்கள். சுந்தரர் இந்த ஊரை விட்டுப் போக மாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்துவிட்டு, கிளம்பிப் போய்க் கண் இழந்தது இங்கேதான். பயணத் திட்டத்தை மாற்றியதால் இவ்வளவு கஷ்டப்பட்டவர் வேறு யாரும் இல்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

வண்டி நள்ளிரவைத் தாண்டி விடியற்காலைக்குப் போய்விட்டது என்றால் காசிமேடு. மீன் இறங்குவதும் ஏலமும் விடிவதற்கு முன்பே களைகட்டும், ஞாயிற்றுக்கிழமை கால் வைக்க இடம் இருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் அப்போது போனால் பெரிய மீன் பார்க்க முடியாது. கால் நனையும், செருப்பு வழுக்கும். வயதானவர்களை அழைத்துப் போக நான் சொல்ல மாட்டேன். ராயபுரம் ரயில் நிலையத்தைப் பகலில் பாருங்கள். 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய இடம், தூண் வைத்த பழைய கட்டடம் இன்னும் நிற்கிறது. பார்க்கப் பதினைந்து நிமிடம் போதும், அதற்கு மேல் அங்கே ஒன்றும் இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. மேலே சொன்னதை எல்லாம் ஒரே தாமதத்தில் முடிக்கப் பட்டியல் போட்டால் அதுவும் விறைத்த கயிறுதான். ஒன்று போதும். குடும்பமாகப் போகும்போது சண்டை வருவது தாமதத்தால் இல்லை. 'இப்ப என்ன பண்றது' என்பதை ஐந்து பேரும் ஒரே நேரத்தில் முடிவுசெய்யப் பார்ப்பதால். கிளம்பும் முன்பே பிரித்துக்கொள்ளுங்கள்: டிக்கெட், பணம், போன் ஒருவர் பொறுப்பு, சாப்பாடும் எங்கே போவது என்பதும் இன்னொருவர் பொறுப்பு. இவர் வேலையில் அவர் மூக்கை நுழைக்கக் கூடாது. இது கேட்க அற்பமாக இருக்கும். செய்து பாருங்கள்.

சாப்பாட்டிலும் தொய்வு வேண்டும். ஒரு வேளைக்குக் கட்டிக்கொண்டு போகாமல் மூன்று வேளைக்குக் கட்டுங்கள், ஆனால் கெடாததாக. இட்லியில் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி வைத்தால் மறுநாள் காலை வரை நிற்கும். புளிசாதம் அதைவிட நிற்கும். தேங்காய்ச் சட்னி சாயங்காலத்துக்குள் நுரைத்துவிடும், எடுக்கவே எடுக்காதீர்கள். சூடாக மூடி வைத்தால் எதுவும் வியர்த்துக் கெடும். நன்றாக ஆறிய பிறகு கட்டுங்கள். அம்மாவின் மாத்திரை பயண நாட்களுக்கு மேல் மூன்று நாளுக்கு இருக்க வேண்டும், அதுவும் க்ளோக் ரூமில் போடும் பெட்டியில் இல்லாமல் கைப்பையில்.

எல்லாத் தடையையும் சிரித்து ஏற்கச் சொல்லும் ஆள் நான் இல்லை. தேர்வு, அறுவைச் சிகிச்சை, சாவு, முகூர்த்தம், கப்பல் ஏறும் தேதி என்று போனால் திரும்பாத நேரம் இருந்தால் ரசிப்பது கிசிப்பது எல்லாம் ஒதுக்கிவைத்து, பணத்தைச் செலவழித்து வேறு வழியில் போய்ச் சேருங்கள். இப்படிப்பட்ட பயணத்துக்கு முந்தின நாளே போய் இறங்குவதுதான் ஒரே காப்பு. நள்ளிரவில் தெரியாத ஊரில் தனியாக இறங்கும் பெண்ணுக்கு 'எதிர்பாராதது ருசி' என்று சொல்வது பொறுப்பற்ற பேச்சு. விடியும்வரை ஆள் நடமாட்டமுள்ள காத்திருப்பு அறையில் இருப்பதே சரி. தினக்கூலிக்காரருக்கு ஒரு நாள் தாமதம் என்றால் ஒரு நாள் கூலி. திறந்த மனசுக்கும் கொஞ்சம் காசும் லீவும் வேண்டியிருக்கிறது என்பதை அறிவுரை சொல்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். உங்களால் முடிந்தால் பயணச் செலவில் பத்தில் ஒரு பங்கைத் தனியாக மடித்து வையுங்கள். கூடுதல் ஆட்டோ, கூடுதல் ஒரு ராத்திரி லாட்ஜ் இரண்டும் அதிலிருந்து போகட்டும். முன்பே போனதாக எழுதிவைத்த பணம் போகும்போது வலி குறைவு.

விசாகப்பட்டினத்தில் என்ன செய்திருக்கலாம் என்று பார்த்தால் பூரிக்கு வழி தெரியும். மதியம் போய் இறங்கினீர்கள். அன்றைக்கு அரக்கு போக முடியாது, சாலையில் 115 கிலோமீட்டர், அதில் மலையும் ஏற வேண்டும். ஆனால் கடற்கரை, கைலாசகிரி எல்லாம் மதியத்துக்கு மேல் பார்க்கிற இடங்கள். இரண்டாம் நாள் வைத்திருந்ததை முதல் நாளுக்கு இழுத்து, அரக்கை இரண்டாம் நாளுக்குத் தள்ளியிருந்தால் இழப்பு அந்தக் காலை ஒன்றுதான். மாற்ற முடியாத முன்பதிவை முதல் நாளில் வைத்ததுதான் பிழை.

பூரிக்கு இப்படிப் போடுங்கள். வங்கக் கடலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம், நீங்கள் போகும் பாதை முழுக்கக் கரையோரம். ஆகவே போய்ச் சேரும் நாளில் பணம் கட்டிய எதுவும் வேண்டாம். ஜெகந்நாதர் தரிசனம்தான் அம்மாவுக்கு முக்கியம் என்றால் அது இரண்டாம் நாள் காலை; தவறினால் மூன்றாம் நாள் காலை இருக்கிறது. கோனார்க் 35 கிலோமீட்டர், சூரியக் கோயில் எல்லா நாளும் திறந்திருக்கும், எந்த நாளிலும் செருகலாம். சிலிகா ஏரிக்குச் சாத்தபாடா பக்கம் போவது காற்றைப் பொறுத்தது; காற்று பலமாக அடித்தால் படகு விட மாட்டார்கள். ஆகவே கோனார்க்கையும் சிலிகாவையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடும்படி வைத்து, கார்க்காரரிடம் எது என்பதை முந்தின ராத்திரி சொல்வதாகப் பேசிக்கொள்ளுங்கள். பூரிக்கு நேர் வண்டியில் இடம் இல்லாவிட்டால் குர்தா ரோடில் இறங்கி மாறலாம், அங்கிருந்து பூரி 44 கிலோமீட்டர்தான். அந்த இரண்டாவது வண்டிக்கு நடுவே நான்கு மணி நேரமாவது விடுங்கள், பிஎன்ஆரை இணைத்துவிடுங்கள்.

முன்பதிவு இப்போது பயண நாளுக்கு 60 நாள் முன்புதான் திறக்கிறது, காலை எட்டு மணிக்கு. போகும் டிக்கெட்டுக்கு உட்காரும் முன் திரும்பும் தேதியை முடிவுசெய்யுங்கள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் என்றால் சனிக்கிழமை சென்னை வந்து சேரும் வண்டியில் போடுங்கள், ஞாயிறு வேண்டாம். அந்த ஞாயிறுக்கு வீட்டில் ஒரு வேலையும் வைக்காதீர்கள்.